ஒத்த விசில்

கீழப்பொட்டல் ஊருல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய பரீட்சை முடிஞ்ச அடுத்த வெள்ளிக்கிழமை, பாக்கியவதி டாக்கீஸ்ல மத்தியான ஆட்டமா ‘சாயங்கால சைக்கிள்’ படத்தப் போடுவாங்க, முப்பத்தெட்டு வருஷமா இது தவறுனதில்ல, தேரோட்டம் ரெண்டு தடவ நின்னுருக்கு, எலக்சன் ஒரு தடவ நின்னுருக்கு, இந்தப் படம் நின்னதில்ல. அப்படிப்பட்ட படத்துல, இந்த வருஷம், கடைசி சீன்ல, பஸ் படியில வலது கால வச்ச அந்தப் பொண்ணு இடது கால எடுத்து வைக்காம அப்படியே நின்னுட்டா.

ஆப்பரேட்டர் கோயில்பிச்சை ரீல் மாட்டிக்கிச்சுன்னுதான் மொதல்ல நெனச்சாரு. ஆனா மாட்டுன ரீல்ல காத்தடிக்காது. திரையில காத்தடிச்சுது, அந்தப் பொண்ணோட தாவணி நுனி படபடத்துச்சு, பஸ் எஞ்சின் உறுமிக்கிட்டே கெடந்துச்சு, வேப்பமரத்தடியில சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நின்ன பையன் கண்ணச் சிமிட்டுனான், ஒரு காக்கா இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் பறந்து போச்சு. மெஷின்ல பாத்தா ரீல் தீந்து வெறும் சக்கரம் சுத்துது. மெஷின அணைச்சாரு. படம் அணையல. கீழ எறங்கி வந்து மொதலாளி ஈஸ்வரமூர்த்தி அண்ணாச்சிகிட்ட, “அண்ணாச்சி, படம் முடிஞ்சிட்டு. ஆனா முடியல” ன்னாரு.

அண்ணாச்சி திரைச்சீலைய விலக்கி எட்டிப் பாத்தாரு. “முறுக்கு இருக்கா?”

“அரை டின் இருக்கு.”

“காணாது. சொல்லி விடு. சனம் எந்திரிக்காது போல.”

சனம் எந்திரிக்கல. அந்தப் படம் இதே ஊருல எடுத்த படம், அந்த வேப்பமரம் இன்னும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிது, அந்தக் கதைய இந்த ஊரு ஆளுக தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க: சுசீலான்னு ஒரு பொண்ணு, துரைன்னு ஒரு பையன், ரெண்டு பேரும் பன்னெண்டாங் கிளாஸ், அவன் தெனமும் சாயங்காலம் சைக்கிள உருட்டிக்கிட்டே அவ பின்னால நடப்பான், ஏற மாட்டான், ஏறி மிதிச்சா அவளத் தாண்டிப் போயிரணும்ல, ஒரு நாளு அவ ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள ஒரு நெல்லிக்காய வச்சிருவான், அவ அதக் கணக்கு வகுப்புல கடிச்சு, மூஞ்சியச் சுளிச்சு, பானைத் தண்ணியக் குடிச்சு, அந்தத் தண்ணி இனிக்கிதுன்னு கண்டுபிடிச்சு, ஜன்னல் வழியா அவனப் பாப்பா பாருங்க, அந்த எடத்துல தியேட்டர்ல இருக்குற இருநூறு பேரும் மடியில கட்டிக் கொண்டாந்த நெல்லிக்காயக் கடிச்சுத் தண்ணி குடிப்பாங்க. கீழப்பொட்டல்ல பொறந்த பிள்ளைகளுக்குக் காதல்னா மொதல்ல துவர்க்கும், அப்புறமாத்தான் இனிக்கும்ங்கிறது யாரும் சொல்லித் தராமலே தெரியும். அவன் மொதத் தடவையா சவரம் பண்ணி, தாடையில வெட்டிக்கிட்டு, அந்தக் காயத்துல பேப்பர் துண்ட ஒட்டிக்கிட்டு அவ முன்னால வந்து நிப்பான், அவ சிரிக்க மாட்டா, அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு கிட்டக்க வந்து படிப்பா. அந்த எடத்துல நரைச்ச தாடிக்காரனும் தாடையத் தடவிப் பாத்துக்குவான்.

கடைசியில அவளுக்கு வெளியூருல படிக்க எடம் கெடைச்சிரும். எந்த ஊருன்னு படத்துல சொல்லல, பஸ்ஸோட போர்டையும் காட்டல. ‘போகாத’ ன்னு அவன் சொல்ல மாட்டான். அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா. படியில வலது கால வைப்பா, கண்டக்டரு விசில் ஊதுவாரு, இடது கால எடுத்து வைப்பா, பஸ் போயிரும், புழுதி அடங்கும், வணக்கம் போட்டுருவான். அந்த விசிலுக்குத்தான் தியேட்டர்ல அழுகை வெடிக்கும்.

அந்த விசில ஊதுனது நெசக் கண்டக்டரு. பேரு மாடக்கண்ணு. அப்ப இருபத்தி நாலு வயசு, வேலைக்குச் சேந்து ஆறு மாசம், ஷூட்டிங்குக்கு பஸ்ஸ வாடகைக்குப் பிடிச்சப்ப டிரைவர் ஆவுடையப்பனும் அவரும் பஸ்ஸோட சேந்து போனாங்க, காக்கிச் சட்டை அளவா இருக்குன்னு அவங்களையே நடிக்கச் சொல்லிட்டாங்க. அசிஸ்டென்ட் டைரக்டர் வந்து, “தம்பி, நான் கையக் காட்டுனதும் ஒரு விசில் ஊதணும்” ன்னாரு.

“சார், ஒத்த விசிலுக்கு வண்டி நிக்கும் சார். போறதுக்கு ரெண்டு ஊதணும்.”

“யாருக்குத் தெரியப் போகுது.”

“எனக்குத் தெரியும் சார்.”

“படத்துல ஒண்ணு போதும்ப்பா. ரெண்டு ஊதுனா சோகம் கொறஞ்சு போகும்.”

மாடக்கண்ணு ஒண்ணு ஊதுனாரு. ஆவுடையப்பன் அசிஸ்டென்ட்டோட கையப் பாத்து வண்டிய எடுத்தாரு. அன்னையில இருந்து டிப்போவுல அவருக்கு ஒத்த விசில்னு பட்டப்பேரு. ஊருக்குள்ள, சுசீலாவ ஏத்திவிட்ட ஆளுன்னு பேரு. படம் போட்ட மறுவாரம் அவரு பஸ்ஸுல ஏறுற பொம்பளைங்க டிக்கெட்ட வாங்கும்போது அவரு மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. இப்ப அறுபத்திரெண்டு வயசு, ரிட்டையராகி நாலு வருஷம், இன்னும் சில பேரு பாக்குறதில்ல.

அந்த வெள்ளிக்கிழமை ஆறாவது வரிசையில, பொண்டாட்டி சண்முகவடிவு பக்கத்துல உக்காந்து, தன்னோட எளவட்ட மூஞ்சி திரையில ஒத்த விசில் ஊதுறதையும், செத்து ஆறு வருஷமான ஆவுடையப்பன் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு அசையாம உக்காந்துருக்கதையும் பாத்த மாடக்கண்ணுக்கு, மத்தவங்க காக்காயப் பாத்துக்கிட்டிருக்கும்போதே விஷயம் விளங்கிருச்சு. வண்டி நின்னது ஒண்ணும் அதிசயமில்ல. ஒத்த விசிலுக்கு வண்டி நிக்கணும், நிக்கிது, இத்தன வருஷம் நிக்காமப் போனதுதான் தப்பு. அவரு அத யாருகிட்டயும் சொல்லல. கண்டக்டர் பொண்டாட்டிங்கிறதால வடிவுக்கும் அது தெரிஞ்சிருக்கும். அவளும் சொல்லல. ரெண்டு பேரும் சேந்து வீட்டுக்கு நடந்தாங்க, ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு.

ஊரு அந்தப் படத்த ரெண்டே நாள்ல வீட்டு விசேஷம் மாதிரி எடுத்துக்கிச்சு. நின்னுக்கிட்டே இருந்தா கால் கடுக்குமேன்னு பொம்பளைங்க திரைக்கு முன்னால தைலமும் வெந்நீரும் கொண்டாந்து வச்சாங்க. அவளுக்குத் தாகமெடுக்கும்னு யாரோ ஒரு மண்பானையில தண்ணி வச்சாங்க, அத முறுக்குத் தின்னவங்க குடிச்சுத் தீத்தாங்க, மறுபடி ரொப்புனாங்க. வயசுப் பொண்ணு பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்கிதுன்னு ஸ்டேஷன்ல இருந்து ஒரு ஏட்டய்யா வந்து திரையோரமா ஸ்டூல் போட்டு உக்காந்தாரு. ஆவுடையப்பனோட சம்சாரம் பேச்சியம்மா காலையிலயே தூக்குச் சட்டியோட வந்து மொத வரிசையில உக்காந்து, டிரைவர் கண்ணாடியில தெரியுற புருஷன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சோத்தத் தின்னா.

“மெலிஞ்சு போயிருக்காக” ன்னா வடிவுகிட்ட.

“அப்ப அப்படித்தான மதினி இருந்தாக.”

“அதுவும் சரிதான். நான் ஆக்கிப் போட்டுல்ல சதை பிடிச்சுது.”

மூணாவது நாளு கோயில்பிச்சைதான் மொதல்ல அதக் கவனிச்சாரு. முப்பது வருஷமா அந்தப் படத்த ஓட்டுன கண்ணு அது. கடைசி சீன்ல வானம் ஆரஞ்சுப்பழ நெறத்துல இருக்கும். இப்ப செங்கல் நெறத்துல இருந்துச்சு. மறுநாள் காலையில நாவப்பழ நெறம் ஓரத்துல ஏறியிருந்துச்சு.

“படத்துக்குள்ள இருட்டுது” ன்னாரு.

படம் முடியாம நின்னத ஊரு தாங்கிக்கிச்சு, இதத் தாங்க முடியல. பதினேழு வயசுப் பொம்பளப்பிள்ள, கையில ஒரு டிரங்குப் பொட்டி, படியில ஒரு காலு, தரையில ஒரு காலு, ஏறவும் இல்ல எறங்கவும் இல்ல, சுத்தி இருட்டிக்கிட்டு வருதுன்னா எந்தத் தாயி வீட்டுல உக்காந்துருப்பா. முழுசா இருட்டிருச்சுன்னா நாளைக்கு அவ அங்க நிக்கிறாளா இல்லையாங்கிறது கூடத் தெரியாது. தரையில ஊனியிருந்த கால் வீங்கியிருக்குன்னு ஒருத்தி சொன்னா. முழங்கால் நடுங்குதுன்னு இன்னொருத்தி சொன்னா. எல்லாரும் உத்துப் பாத்தாங்க. நடுங்கத்தான் செஞ்சுது.

அஞ்சாவது நாளு டிப்போவுல இருந்து டைம் கீப்பரு நோட்டோட வந்தாரு. ஏதோ ஒரு வண்டி அஞ்சு நாளா ஸ்டாண்ட விட்டுக் கெளம்பலன்னு அவருக்குத் தகவல் போயிருக்கு. பென்சிலக் காதுல சொருகிக்கிட்டு, இருட்டிக்கிட்டு வர்ற திரையக் கொஞ்ச நேரம் பாத்தாரு. திரையில எளவட்ட மாடக்கண்ணு விசில உதட்டுல வச்சமேனிக்கே நின்னுக்கிட்டிருந்தான்.

“கடைசியா எத்தன விசில் ஊதுனான்?” ன்னாரு.

“ஒண்ணு” ன்னாங்க.

“அப்ப நிக்கத்தான செய்யும். இன்னும் ரெண்டு ஊதச் சொல்லுங்க” ன்னு நோட்டுல என்னமோ எழுதிட்டுப் போயிட்டாரு.

இருநூறு தலை ஆறாவது வரிசைப் பக்கம் திரும்புச்சு.

அதுக்கப்புறம் மாடக்கண்ணுக்கு வெளிய தலை காட்ட முடியல. ஊரு ரெண்டாப் பிரிஞ்சிருச்சு. ‘ஏறட்டும்’ கட்சி சொல்லுச்சு, “வே, ஊதிவிடும்வே, இருட்டுக்கு முன்னால பிள்ள போய்ச் சேரட்டும்.” ‘எறங்கட்டும்’ கட்சி சொல்லுச்சு, “வே, வாயில விசில வச்சீரு, நடக்கிறதே வேற. இத்தன வருஷத்துக்கப்புறம் அந்தப் பிள்ள எறங்கலாமான்னு யோசிக்கிது, நீரு மறுபடியும் கெடுக்காதேயும்.” சலூன்ல பாதிச் சவரத்துல ஒருத்தன் கட்சி மாறி எந்திரிச்சுப் போனான். நிச்சயம் பண்ணுன ஒரு கல்யாணத்துல மாப்பிள்ள வீடு ஏறட்டும், பொண்ணு வீடு எறங்கட்டும்னு இருந்ததால பந்தல்காரனுக்கு இன்னும் சொல்லி விடல. பேச்சியம்மா மட்டும் எந்தக் கட்சியிலயும் இல்ல. “வண்டி போனா எங்க வீட்டு ஆளும்ல போயிருவாக” ன்னு மாடக்கண்ணு காதுல மெதுவாச் சொல்லிட்டு, தூக்குச் சட்டியத் தூக்கிட்டுப் போனா. அவருக்கு அதுதான் மத்த எல்லாத்தையும் விட வலிச்சுது.

எறங்கட்டும் கட்சிக்கு ஒரு பெரிய சாட்சி இருந்துச்சு. அந்தச் சாட்சி மாடக்கண்ணு வீட்டுலயே இருந்துச்சு.

படம் வந்த மறு வருஷம் நடந்த சங்கதி அது. சண்முகவடிவுக்குப் பதினெட்டு வயசு, பாளையங்கோட்டையில டீச்சர் ட்ரெயினிங்குக்கு எடம் கெடைச்சு, டிரங்குப் பொட்டியோட மாடக்கண்ணு பஸ்ஸுல ஏறுனா. ரெண்டு பேருக்கும் ஒரு வருஷமாப் பார்வை இருந்துச்சு, பேச்சு இல்ல. வண்டி ஊரத் தாண்டி, கொளத்துக்கரை வளைவுல போகும்போது, மாடக்கண்ணோட கையி தானா விசில எடுத்துச்சு, ஒத்த விசில் ஊதுனாரு. ஆவுடையப்பன் வண்டிய நிறுத்துனாரு. நாப்பது பேரு பாக்க மாடக்கண்ணு, “எறங்கு வடிவு. நாம கல்யாணம் பண்ணிக்கிடுவோம்” ன்னாரு. நாப்பது பேரும் கை தட்டுனாங்க. வடிவு எறங்கிட்டா. படத்துல விட்டத நம்ம ஊரு பிடிச்சிருச்சுன்னு கீழப்பொட்டல் ஒரு மாசம் பேசுச்சு, அதுக்கப்புறமும் பேசுச்சு, வருஷா வருஷம் படம் ஓடி முடிஞ்சதும் அண்ணாச்சி ரெண்டு பேரையும் மேடையேத்தி மாலை போடுவாரு. அந்த மாலைய வாங்கும்போது வடிவு ஒவ்வொரு வருஷமும் லேசாச் சிரிப்பா, வீட்டுக்கு வந்ததும் பூவ உதுத்து எரவாணத்துல இருக்குற சாமி படத்துக்குப் போட்டுருவா.

“வடிவக்காளப் பாருங்க” ன்னாங்க எறங்கட்டும் கட்சி. “எறங்குனா. கெட்டா போயிட்டா? வீடு இருக்கு, மகன் மெட்ராஸ்ல இருக்கான், குடிக்காத புருஷன் இருக்கான். சுசீலாவும் எறங்கட்டும்.”

வடிவ மொத வரிசையில உக்கார வச்சாங்க, சுசீலா கண்ணுக்குப் படுற மாதிரி. அவ தெனமும் போனா. உக்காந்தா. ஒண்ணும் பேசல.

வீட்டுலயும் பேசல. கொழம்பு வச்சா, ரசம் வச்சா, தட்டுல போட்டா, எதுத்தாப்புல உக்காந்தா. ஏழாவது நாளு மத்தியானம் மாடக்கண்ணு சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே, “ஏளா, நீ எந்தக் கட்சி?” ன்னு வெளையாட்டுப் போலக் கேட்டாரு.

“மோரு ஊத்தட்டுமா?”

“ஊரே என்னைய நாக்கப் பிடுங்கிக்கிடுற மாதிரிக் கேக்குது. நீ ஒரு வார்த்தை சொன்னா நான் அதுப்படி செஞ்சிட்டுப் போயிருவேன்ல.”

“என்னைய எதுக்குக் கேக்கிய. விசில் உங்ககிட்டத்தான இருக்கு.”

அவரு மோரு ஊத்திக்கல. அவளோட பேச்சுல கோவம் இருந்திருந்தா அவருக்கு நிம்மதியா இருந்திருக்கும். கோவமில்ல. அவரு ஊதுனா, பஸ்ஸுல ஏறிப் போறதுதான் சரின்னு ஊரறியச் சொன்ன மாதிரி. அன்னைக்கு எறங்குன இவளப் பாத்து நீ எறங்குனது தப்புன்னு சொன்ன மாதிரி. முப்பத்தேழு வருஷத்த ஒரு ஊதுல ஊதித் தள்ளுன மாதிரி. ஊதலன்னா அந்தப் பிள்ள இருட்டுல நிக்கும். விசில் சட்டைப் பையில கெடந்து நெஞ்சோட இடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அவரு அதக் கழட்டி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால வச்சாரு, வடிவு அத எடுத்துத் தொடைச்சு மறுபடி சட்டைப் பையிலயே போட்டு வச்சா.

பதினோராவது நாளு மத்தியானம் கோயில்பிச்சை சைக்கிள மிதிச்சு வீட்டுக்கே வந்துட்டாரு. “அண்ணாச்சி வரச் சொன்னாக. இன்னும் அரை மணி நேரம் தாங்குனா அதிகம்.”

தியேட்டருக்குள்ள கால் வைக்க எடமில்ல. திரையில வேப்பமரம் போயிருச்சு, சைக்கிள்காரப் பையன் போயிட்டான், ஆவுடையப்பனோட கண்ணாடி ஒரு கறுப்புப் பட்டையாத்தான் தெரிஞ்சுது, சுசீலாவோட தாவணி வெளுப்பும் டிரங்குப் பொட்டியோட தகரப் பளபளப்பும் மட்டும் மிச்சமிருந்துச்சு. எறங்கட்டும் கட்சி எந்திரிச்சு நின்னு, “எறங்கு தாயி, எறங்கு தாயி” ன்னு ஒரே கொரல்ல கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. ஏறட்டும் கட்சி, “ஏறு தாயி, ஏறு தாயி” ன்னு அதுக்கு மேல கூப்பிட்டாங்க. ரெண்டும் சேந்து என்ன சொல்றாங்கன்னு யாருக்கும் வெளங்கல. அந்தப் பிள்ளையோட முழங்கால் ஆடுறது மட்டும் இருட்டுலயும் தெரிஞ்சுது.

“வந்துட்டாருய்யா ஒத்த விசில்” ன்னு ஒருத்தன் சொன்னான்.

“ஊதும்வே.”

“ஊதுனீரு, ஒம்ம வீட்டுல நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் வரமாட்டான்.”

ஈஸ்வரமூர்த்தி அண்ணாச்சி கையக் காட்டி அமத்துனாரு. “மாடக்கண்ணு, என்ன செய்யணும்னு நான் சொல்லல. ஆனா எதையாவது செய்யி. எங்க அப்பா கட்டுன தியேட்டர்ல ஒரு பொம்பளப்பிள்ள இருட்டுல காணாமப் போச்சுன்னு இருக்கக் கூடாது.”

மாடக்கண்ணு திரைக்கு முன்னால போயி நின்னாரு. அந்தப் பக்கம் இருபத்தி நாலு வயசு மாடக்கண்ணு, விசிலும் வாயுமா, அவரையே பாத்துக்கிட்டு நின்னான். ஒனக்கென்ன, ஒத்தையா ஊதிட்டு நிக்கிறன்னு அவருக்கு அவன் மேல ஆத்திரமா வந்துச்சு. விசில எடுத்து உதட்டுல வச்சாரு. மூச்சு வரல. நாலு வருஷமா ஊதாததுனால இல்ல. முதுகுக்குப் பின்னால மொத வரிசையில யாரு உக்காந்துருக்கான்னு தெரியும், அதுனால வரல.

“ஊதாதிய” ன்னு அந்த மொத வரிசையில இருந்து சத்தம் வந்துச்சு.

எறங்கட்டும் கட்சி கைதட்டப் போச்சு. வடிவு அவங்க பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல.

“மொதல்ல கேளுங்க.”

“என்னத்தக் கேக்க?”

“பஸ்ஸுல ஏறுன ஆளுகிட்டக் கண்டக்டரு என்னத்தக் கேப்பாக? அதக் கேளுங்க.” கொரல ஒசத்தாமத்தான் சொன்னா, ஆனா கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. “பதினோரு நாளா ஏறு ஏறுங்கிய, எறங்கு எறங்குங்கிய. எங்க போணும்னு அவள ஒருத்தராவது கேட்டியளா? அன்னைக்கு என்னையத்தான் கேக்கல.”

மாடக்கண்ணு விசில உதட்டுல இருந்து எடுத்தாரு. முப்பத்து நாலு வருஷம் கண்டக்டரா இருந்து, ஒரு நாளைக்கு ஐநூறு பேருகிட்டக் கேட்ட கேள்வி அது, தூக்கத்துலயும் வர்ற கேள்வி. தொண்டையச் செருமுனாரு.

“எங்கம்மா போணும்?”

அந்தக் கேள்வி கெழவரு வாயில இருந்து வந்துச்சா, திரையில நின்ன எளவட்டத்து வாயில இருந்து வந்துச்சாங்கிறதுல இன்னைக்கு வரைக்கும் ஊருல ரெண்டு பேச்சு இருக்கு. சுசீலா திரும்புனா. படம் பூராவும் அவ துரையத்தான் பாத்திருக்கா, ஜன்னலப் பாத்திருக்கா, நெல்லிக்காயப் பாத்திருக்கா; அந்தக் கண்டக்டர அவ பாத்தது அதுதான் மொதத் தடவ.

“இந்த வண்டி கடைசியா எங்க போயி நிக்கும்ண்ணே?”

போர்டக் காட்டாத படம். ஆனா வண்டி நெச வண்டி, மாடக்கண்ணுக்குத் தெரியும். “செங்கோட்டைம்மா.”

“அது வரைக்கும் ஒண்ணு குடுங்க.”

கூட்டத்துல யாரோ, “படிக்கப் போற ஊரு செங்கோட்டையா?” ன்னு கிசுகிசுத்தான். “அவ இஷ்டம்ல” ன்னு பேச்சியம்மா அவன அடக்குனா.

“படியில நிக்காதம்மா” ன்னாரு மாடக்கண்ணு. “உள்ள போ, சீட்டு இருக்கு.” சுசீலா இடது காலத் தூக்கி வச்சா, பதினோரு நாள் வீங்குன காலு, கம்பியப் பிடிச்சு ஒரு தடவ நொண்டி உள்ள போனா. போற வழியில ஒரு தடவ குனிஞ்சு ஜன்னல் வழியா இருட்டப் பாத்துக் கையக் காட்டுனா, இருட்டுல இருந்து சைக்கிள் பெல் ரெண்டு தடவ அடிச்சுது. மாடக்கண்ணு விசில எடுத்து, நிறுத்தி, நெதானமா, ஒண்ணு, ரெண்டு ஊதுனாரு.

ஆவுடையப்பன் கியரப் போட்டாரு. எஞ்சின் உறுமுச்சு, ரெண்டு ஹெட்லைட்டும் பளீர்னு எரிஞ்சு ஒரு நொடி வேப்பமரம், பெட்டிக்கடை, பையனோட ஈரக் கண்ணு எல்லாம் தெரிஞ்சுது. கண்ணாடியில புருஷன் மூஞ்சி வெளிச்சமா வந்தப்ப பேச்சியம்மா தூக்குச் சட்டிய மடியில வச்சுக்கிட்டு, “பாத்து ஓட்டுங்க” ன்னா. வண்டி போயிருச்சு. புழுதி அடங்குச்சு. அந்தப் பையன் கொஞ்ச நேரம் நின்னான், அப்புறம் முப்பத்தெட்டு வருஷமா உருட்டிக்கிட்டே இருந்த சைக்கிள்ல ஏறி உக்காந்து, இருட்டுக்குள்ள மிதிச்சுப் போனான். வணக்கம் போட்டுச்சு.

யாரும் அழல. யாரும் கை தட்டவும் இல்ல. அண்ணாச்சி கதவத் தொறந்து விட்டாரு, வெளிய நாலு மணி வெயிலு சுள்ளுன்னு அடிச்சுது, அத்தன பேரும் கண்ணு கூச வெளிய வந்தாங்க. ரெண்டு கட்சியும் ஒருத்தரயொருத்தர் இடிச்சுக்கிட்டு செருப்பத் தேடுனாங்க. ஏட்டய்யா ஸ்டூலத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனாரு. மேடையில இந்த வருஷம் மாலை போடல. போடணும்னு அண்ணாச்சிக்கும் தோணல, கேக்கணும்னு யாருக்கும் தோணல.

மாடக்கண்ணும் வடிவும் மெயின் ரோட்டு ஓரமா வீட்டுக்கு நடந்தாங்க. அவரு விசிலச் சட்டைப் பையில போட்டாரு. ரைஸ் மில்லத் தாண்டுனதும் கேட்டுட்டாரு.

“ஏளா. அன்னைக்குக் கொளத்துக்கரையில நான் அப்படிக் கேட்டிருந்தா, நீ என்ன சொல்லியிருப்ப?”

“பாளையங்கோட்டைன்னு சொல்லியிருப்பேன். வேற என்னத்தச் சொல்ல.”

“எறங்கியிருக்க மாட்ட.”

“மாட்டேன்.”

ஒரு டவுன் பஸ் அவங்களத் தாண்டிப் போச்சு. மாடக்கண்ணு அது போற தெசையப் பாத்தாரு.

“அப்ப நம்ம கல்யாணமே நடந்திருக்காது.”

வடிவு அவரத் திரும்பிப் பாத்தா, சோறு வடிக்கத் தெரியாதவனப் பாக்குற மாதிரி.

“ரெண்டு வருஷப் படிப்புங்க அது. அன்னைக்கு எங்க அம்மைகிட்ட என்ன சொல்லிட்டு வண்டி ஏறுனேன்னு நெனைக்கிய?”

“என்ன சொன்ன?”

“எல்லாரும் சொல்லுறதுதான். போயிட்டு வாரேன்னு.”

மாடக்கண்ணு நடுரோட்டுல நின்னுட்டாரு. வடிவு நிக்கல, நடந்துக்கிட்டே இருந்தா.